பாதிப் பதத்தில் கப்பலேறிய தோல்: ஆல்பிரட் சாட்டர்டனின் கதை

குலசேகரம், திருவட்டார் பக்கம் காலையில் போனால் ரப்பர் மரத்தில் சிரட்டை கட்டிப் பால் வடிப்பதைப் பார்க்கலாம். அந்தப் பால் ஷீட்டாகி, புகையில் காய்ந்து, வியாபாரி வழியாக லாரியேறி எங்கோ போகிறது. சில மாதங்களில் டயராகவும் செருப்பாகவும் பூட்ஸின் அடிப்பாகமாகவும் நாகர்கோவில் கடைகளுக்கு வந்து சேர்கிறது. மரமும் நம்முடையது, வெட்டுகிற கையும் நம்முடையது. விலையைச் சொல்வது மட்டும் வேறு யாரோ.

தோலுக்கும் இதே கதைதான். ரப்பரைவிடப் பழைய கதை. தமிழக முஸ்லிம்களின் பொருளாதார வரலாற்றோடு இவ்வளவு நெருக்கமாகப் பின்னிய இன்னொரு தொழிலைச் சொல்வது கடினம். வாணியம்பாடியும் ஆம்பூரும் பேரணாம்பட்டும் மேல்விஷாரமும் சென்னைப் பெரியமேடும் தோலால் எழுந்த ஊர்கள். அந்தத் தோல் ஏன் இங்கேயே நல்ல பூட்ஸாக மாறவில்லை, மாற்ற முயன்றவர் யார் என்று தேடினால் ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியரின் பெயரில் போய் நிற்கிறோம். அவர்தான் ஆல்பிரட் சாட்டர்டன். சென்னை மாகாணத்தின் தொழில் வரலாற்றில் அவருடைய பெயர் இல்லாத அத்தியாயம் இல்லை. ஆனாலும் நம் வீடுகளில் அந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. (அந்தக் காலத்தில் நம் மாவட்டம் திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது. 1956-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.)

1866-ல் பிறந்த சாட்டர்டன் லண்டனில் பொறியியல் படித்து, 1888-ல், இருபத்திரண்டு வயதில், சென்னைக்கு வந்தார். அப்போது சேப்பாக்கத்தில் இயங்கிய பொறியியல் கல்லூரியில் ஆசிரியர் வேலை. அதிகாரியாக வந்தவர்களில் பெரும்பாலோர் கோடையில் ஊட்டிக்குப் போய்வந்து, பென்ஷன் காலத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள். இவருக்குக் கிணறுகளிலும் பட்டறைகளிலும் நாட்டம் போனது. கிணற்றில் எத்தனை அடித் தண்ணீர் இருக்கிறது, ஒரு சோடி மாடு ஒரு நாளில் எவ்வளவு இறைக்கிறது, அதே தண்ணீரை எண்ணெய் எஞ்சின் இறைத்தால் என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். தென்னிந்தியக் கிணறுகளில் எஞ்சின் பம்பு பரவியதற்குப் பின்னால் அவருடைய பல வருட உழைப்பு இருக்கிறது.

பிறகு எழும்பூர் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள ஓவியப் பள்ளியின் பொறுப்பு அவரிடம் வந்தது. இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரிதான் அது. 1898-ல் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனையைத் தொடங்கினார். பித்தளையும் செம்பும் புழங்கிய அடுப்படிக்குள் இந்த வெள்ளைப் பாத்திரம் எப்படி நுழையும் என்று பலர் சிரித்தார்கள். ஐந்தே வருடத்தில் அது லாபம் தரும் தொழிலானது. 1903-ல் அதை ஒரு தனியார் கம்பெனிக்கு விற்று அரசு விலகிக்கொண்டது. நம் பிரியாணிச் சட்டியின் பூர்வீகம் ஒரு ஓவியப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்பதைச் சொன்னால் எத்தனை பேர் நம்புவார்கள்!

அலுமினியத்தை விற்ற அதே 1903-ல் அவர் தோலைக் கையில் எடுத்தார்.

அப்போது தோல் எப்படிப் பதமானது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சதை வழித்து, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் நாள்கணக்கில் போட்டு எடுப்பார்கள். பிறகு கடுக்காய், கடைசியில் எண்ணெய். மொத்தம் வாரக்கணக்கில் ஆகும். இப்படி வருகிற தோல் முழுப் பதம் அல்ல, பாதிப் பதம். அது கட்டுக் கட்டாகச் சென்னைத் துறைமுகத்தில் ஏறி லண்டனுக்குப் போய் ஏலத்தில் விற்கும். அங்கே சாயம் ஏற்றி, மெருகு ஏற்றி, பூட்ஸுக்கு மேல்தோலாக வெட்டுவார்கள். ஈஸ்ட் இந்தியா தோல் என்று உலகச் சந்தையில் அதற்குப் பெயர். இன்றும் பெரியமேட்டில் ஈ.ஐ. என்று இரண்டெழுத்தில் சொல்கிறார்கள்.

இந்தத் தொழில் முஸ்லிம்களிடம் வந்ததற்குக் காரணம் எல்லோரும் அறிந்ததே. சாதி இந்துக்கள் தோலைத் தீட்டு என்று ஒதுக்கினார்கள். தொடுகிற வேலையைத் தாழ்த்தப்பட்ட மக்களின் தலையில் கட்டினார்கள். முதல் போட்டு வியாபாரம் செய்யும் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் வட ஆர்க்காட்டு லெப்பைமார்களும் ராவுத்தர்களும் மற்ற முஸ்லிம் வணிகர்களும் துணிந்து இறங்கினார்கள். குழிக்குள் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் அதே தாழ்த்தப்பட்ட மக்கள். நம் வணிகர்களின் பெருமையைப் பேசும்போது அவர்களை விட்டுவிடக் கூடாது.

இதற்கிடையே அமெரிக்காவில் ஒரு மாற்றம் நடந்துவிட்டது. 1880-களிலும் 90-களிலும் அங்கே குரோம் உப்பை வைத்துத் தோல் பதனிடும் முறை வந்தது. வாரக்கணக்கான வேலை சில நாட்களில் முடிந்தது. தோல் மெல்லியதாக, வளையக்கூடியதாக, தண்ணீரில் அழுகாததாக வந்தது. பிலடெல்பியா ஆலைகள் இந்திய ஆட்டுத் தோலைக் குரோமில் போட்டுப் பளபளப்பான பூட்ஸ் தோலாக்கி உலகமெங்கும் விற்றன. அந்த ஆலைகள் கேட்டதோ பச்சைத் தோல். ஆவாரம்பட்டையில் போட்ட தோல் அவர்களுக்கு எதற்கு? சென்னை ஆட்டுத் தோல் பதனிடாமலேயே கப்பலேறத் தொடங்கியது. பல தோல்ஷாப்புகளில் வேலை குறைந்தது. பாதிப் பதம் என்ற கொஞ்ச வேலையும் நம் கையைவிட்டு நழுவிக்கொண்டிருந்த நேரம் அது.

சாட்டர்டனைக் குரோமுக்கு இழுத்தது முதலில் பூட்ஸ் அல்ல, கமலைதான். இரண்டு மாடு கட்டி இறைக்கும் கமலையில் தோல் சால் முக்கியம். ஆவாரம்பட்டைத் தோல் தண்ணீரில் நனைந்து நனைந்து சீக்கிரம் இற்றுப்போகும். விவசாயி வருடந்தோறும் அதற்குச் செலவழித்துக்கொண்டே இருப்பான். குரோம் தோல் தண்ணீருக்கு அசையாது என்றால் அதில் சால் செய்தால் என்ன? ஓவியப் பள்ளியில் சிறிய அளவில் தொடங்கிச் செய்து பார்த்தார். குரோம் தோல் சால் பழைய சாலைவிட நெடுநாள் உழைத்தது. விலை கூடுதல்தான், ஆனால் நாள் கணக்குப் பார்த்தால் மலிவு. இந்தக் கணக்கை விவசாயிக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. கையில் காசு குறைந்தவனுக்கு இன்று என்ன விலை என்பதுதான் கேள்வி, எத்தனை வருடம் உழைக்கும் என்பதல்ல. நல்ல பூட்ஸ் வாங்கப் போகிறவனுக்கும் இன்றைக்கு இதே இக்கட்டுதான். மலிவானதை வருடத்துக்கு இரண்டு முறை வாங்குவான், ஐந்து வருடம் உழைக்கும் ஒன்றை ஒரே தடவையில் வாங்க அவனிடம் பணம் இருக்காது.

சாலைத் தொடர்ந்து செருப்பும் பூட்ஸும் வந்தன. குரோம் தோல் செருப்பு மழையில் விறைக்கவில்லை. அது சுதேசி இயக்கம் சூடுபிடித்திருந்த காலம். 1905-க்குப் பிறகு நம் நாட்டுப் பொருளை வாங்குவோம் என்ற பேச்சு ஊரெங்கும் இருந்தது. தூத்துக்குடியில் வ.உ.சி. கப்பல் கம்பெனி தொடங்கியதும் இதே வருடங்களில்தான். சுதேசிக் கப்பலுக்குப் பணம் போட்டவர்களில் முஸ்லிம் வணிகர்களும் இருந்தார்கள். ஒரு வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேய அரசின் சம்பளம் வாங்கிய சாட்டர்டன் செய்ததும் ஏறக்குறைய சுதேசி வேலைதான். வந்தே மாதரம் சொல்லவில்லை, அவ்வளவே.

கசப்பு அங்கிருந்துதான் தொடங்கியது. 1908 செப்டம்பரில் ஊட்டியில் ஒரு தொழில் மாநாடு கூடியது. தனியாகத் தொழில் துறை வேண்டும், அதற்கு ஓர் இயக்குநர் வேண்டும், அரசே முன்மாதிரித் தொழிற்சாலை நடத்திக் காட்ட வேண்டும் என்று முடிவானது. அந்தப் பொறுப்பு சாட்டர்டனுக்கே வந்தது. சென்னையின் ஐரோப்பிய வணிகர்களுக்கு இது பொறுக்கவில்லை. அரசாங்கம் கடை விரித்தால் தனியார் எப்படிப் பிழைப்பது என்று சண்டைக்கு வந்தார்கள். இந்தியத் தோல் லண்டனுக்குப் போவதிலும் அங்கிருந்து சரக்கு திரும்பி வருவதிலும் கமிஷன் பார்த்தவர்களுக்கு, இங்கேயே பூட்ஸ் தைக்கிற அரசாங்கம் எப்படிப் பிடிக்கும்? 1910-ல் இந்திய மந்திரி மார்லி லண்டனிலிருந்து உத்தரவு அனுப்பினார். தொழில் கல்வி கொடுக்கலாம், புது முறையைக் காட்டலாம், ஆனால் அரசு வியாபாரம் செய்யக் கூடாது என்பது அதன் சாரம்.

குரோம் தொழிற்சாலை விற்பனைக்கு வந்தது. வாங்கியது யார்? வாணியம்பாடியும் அல்ல, ஆம்பூரும் அல்ல, பெரியமேடும் அல்ல. மத்திய இந்தியாவிலிருந்த ரேவா சமஸ்தானம்.

இதைப் படிக்கும்போது எனக்கு முதலில் நம் வணிகர்கள் மேல்தான் கோபம் வந்தது. கையருகே வந்த வாய்ப்பை விட்டுவிட்டார்களே! பிறகு அவர்கள் இடத்தில் இருந்து யோசித்துப் பார்த்தேன். ஆவாரம்பட்டை ஊர் மானாவாரிக் காட்டில் கிடைக்கிறது, கடுக்காய் மலையில் கிடைக்கிறது, சுண்ணாம்பு பக்கத்தில் வேகிறது. குரோமுக்கு வேண்டிய பைகுரோமேட் உப்போ கப்பலில் வரவேண்டும். குரோம் தாது மைசூர்ப் பக்கம் மண்ணுக்குள் கிடக்கிறது, அதை உப்பாக்கும் ஆலை இங்கே இல்லை. உருளும் பீப்பாய், தோல் சீவும் இயந்திரம், மெருகேற்றும் இயந்திரம் எல்லாம் வெளிநாடு. இதற்கெல்லாம் பெரிய முதல் முடங்கும். பாதிப் பதத் தோலில் போட்ட பணம் சில மாதங்களில் லண்டன் ஏலத்திலிருந்து திரும்பி வந்துவிடும். பூட்ஸ் தைத்து வைத்தால் அதை யார் வாங்குவார்? அன்றைய தமிழகத்தில் நூற்றுக்குப் பெரும்பாலோர் வெறுங்காலில் நடந்தவர்கள். நம் நாஞ்சில் நாட்டிலும் அதுதான் நிலை. செருப்புப் போட்டு நடக்கக்கூட உரிமை இல்லாத சாதிகள் இருந்த ஊர் இது. பூட்ஸ் வாங்கும் பெரிய வாடிக்கையாளர் ராணுவம் ஒன்றுதான். அந்த ஒப்பந்தம் கான்பூரில் கூப்பர் ஆலன் போன்ற வெள்ளையர் கம்பெனிகளின் கையில் இருந்தது.

கான்பூரைப் பார்த்தால் இன்னொரு விஷயம் புரியும். அங்கே பூட்ஸ் இந்தியத் தோலில், இந்தியத் தொழிலாளியின் கையால், இந்திய மண்ணில்தான் தயாரானது. ஆனால் ஆலையின் சொந்தக்காரர்கள் இங்கே இல்லை. உள்ளூரில் செய்வது வேறு, உள்ளூர்க்காரருக்குச் சொந்தமாக இருப்பது வேறு. முதலாவது கூலி தரும். விலை வைக்கும் உரிமை இரண்டாவதில்தான் இருக்கிறது. சாட்டர்டன் முதலாவதைப் பற்றியே அதிகம் கவலைப்பட்டார் என்பது என் எண்ணம். இந்தியர் கையில் தொழில் போக வேண்டும் என்று அவர் விரும்பியது உண்மை. அதற்கான கடனையும் சந்தையையும் யார் தருவது என்பதற்கு அவரிடம் போதிய விடை இல்லை. சேலத்தில் 1906-ல் அவர் தொடங்கிய நெசவுக்கூடத்திலும் இதே குறை தெரிந்தது. நெசவாளிகள் மணியடித்து வேலைக்கு வர விரும்பவில்லை, வீட்டுத் தறியே போதும் என்றார்கள். விசைநாடாவை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிழைத்துக்கொண்டார்கள். வந்ததில் தமக்கு ஆகிறதை மட்டும் எடுத்துக்கொண்ட அந்த நெசவாளிகளை நான் குறை சொல்ல மாட்டேன்.

குரோம் முயற்சி முழுதாகச் செத்துவிடவில்லை. சில வருடங்களில் பல்லாவரத்தை ஒட்டி சேம்பர்ஸ் என்பவரின் குரோம் லெதர் கம்பெனி எழுந்தது. சென்னைக்கு ரயிலில் போகிறவர்கள் தாம்பரம் தாண்டியதும் பார்க்கும் குரோம்பேட்டை அதன் பெயரைத்தான் சுமக்கிறது. அதுவும் நம்மவர் கம்பெனி அல்ல. வண்ணாரப்பேட்டையில் 1915-ல் தோல் தொழிலுக்கென்று ஒரு பள்ளி தொடங்கியது. அதன் தொடர்ச்சி இன்று தரமணியில் இருக்கிறது.

சாட்டர்டன் 1912-ல் மைசூருக்குப் போய்விட்டார். விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்த காலம், தொழில் துறை அவர் கைக்கு வந்தது. சந்தன எண்ணெய், பட்டு என்று பல வேலைகள். சமஸ்தானத்தில் மார்லியின் உத்தரவு செல்லாது, அங்கே அரசே தொழில் நடத்தலாம். அந்த நிம்மதி அவருக்கு இருந்திருக்கும்.

அந்த நேரத்தில் முதல் உலகப்போர் வந்தது. பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு லட்சக்கணக்கில் பூட்ஸ் வேண்டும், மேல்தோலுக்குச் சென்னை மாட்டுத் தோல் வேண்டும். ஈ.ஐ. தோலை அரசே மொத்தமாக வாங்கத் தொடங்கியது, விலையையும் அரசே வைத்தது. பிரான்ஸ் சேற்றில் நடந்த பூட்ஸில் வாணியம்பாடி ஆவாரம்பட்டையின் வாசம் இருந்திருக்கும்! 1916-ல் இந்தியத் தொழில் கமிஷன் அமைந்தபோது சாட்டர்டன் அதில் உறுப்பினர். தோராப்ஜி டாட்டா, மதன்மோகன் மாளவியா, பம்பாய் ஆலை அதிபர் பசல்பாய் கரீம்பாய் இப்ராஹிம் ஆகியோரும் இருந்தார்கள். 1918-ல் அறிக்கை வந்தது. தொழில் வளர்ச்சியில் அரசு கைகட்டி நிற்கக் கூடாது என்று, சாட்டர்டன் பத்து வருடத்துக்கு முன் சொல்லி அடிவாங்கிய அதே கருத்து அரசாங்க முத்திரையோடு அச்சானது. 1919-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது.

அதே 1919-ல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி வந்தது. தோல் பதனிடாமல் வெளியே போகக் கூடாது என்பது நோக்கம். ஆனால் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் போய்ப் பதமாகும் தோலுக்கு மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி! 1923-ல் வரி 5 சதவீதமாக இறங்கியது.

பாதிப் பதம் செய்தவர்கள் ஏமாளிகள் என்று மட்டும் யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த லாபம் எங்கே போனது என்று பாருங்கள். 1919-ல் வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி. பெரம்பூரில் ஜமாலியா அரபிக் கல்லூரி. திருச்சியில் 1951-ல் ஜமால் முஹம்மது கல்லூரி. மேல்விஷாரத்தில் 1965-ல் அப்துல் ஹக்கீம் பெயரில் கல்லூரி. தோல் வணிகர் ஜமால் முஹம்மது சாகிப் 1931-ல் இந்திய வர்த்தக சம்மேளனத்தின் தலைவராகி, வட்டமேஜை மாநாட்டுக்கும் போனார். 1929-ல் அல்லாமா இக்பாலைச் சென்னைக்கு அழைத்து உரையாற்றச் செய்த செலவும் அவருடையதே. காயிதே மில்லத் அவர்கள் பொதுவாழ்வுக்கு வரும்முன் தொழில் பழகியதும் தோல் வணிகத்தில்தான். நம் வாப்பாமார்கள் பலர் படிக்க முடிந்ததற்குப் பின்னால் சுண்ணாம்புக் குழி இருக்கிறது.

ஆனாலும் பூட்ஸ் மட்டும் வரவில்லை. வந்தது பாட்டாவிடமிருந்து. செக்கோஸ்லோவாகியாவிலிருந்து வந்த அந்தக் கம்பெனி 1930-களில் கல்கத்தா அருகே ஒரு நகரத்தையே எழுப்பி, நடுத்தர வீட்டுக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஷூவைக் கொண்டுவந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையின் காலில் இந்தியாவில் தைத்த ஷூ ஏறியது. சாட்டர்டன் கனவின் பாதி அங்கே நிறைவேறியது, சொந்தக்காரர் யார் என்ற பாதி மறுபடி விடுபட்டது.

நாடு முழுப் பதத்துக்கு வந்தது 1970-களில். 1972-ல் சீதாராமையா கமிட்டி சொன்னபடி, அடுத்த வருடத்திலிருந்து பாதிப் பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு வைத்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் முதலில் பதறின, பிறகு பழகின, பிறகு ஷூ தொழிற்சாலைகள் எழுந்தன. தைத்தவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். குரோமின் மறுபக்கமும் அப்போதுதான் தெரிந்தது. பாலாற்றுப் படுகையில் கிணறுகள் கெட்டன. சாட்டர்டன் எந்தக் கிணற்றுக்குத் தண்ணீர் இறைக்கக் குரோம் தோலைக் கொண்டுவந்தாரோ, அதே வட ஆர்க்காட்டுக் கிணறுகளில் கழிவு இறங்கியது. 1996-ல் உச்ச நீதிமன்றம் கழிவைச் சுத்திகரிக்காத ஆலைகளை மூடச் சொன்னது. இழப்பீடு கேட்டு நின்ற விவசாயிகளில் எல்லா மதத்தவரும் உண்டு. அந்தச் செலவு எந்த பூட்ஸின் விலையிலும் அன்றுவரை சேர்ந்திருக்கவில்லை.

நம் கையில் இருக்கும் நல்ல தோல் பூட்ஸின் விலையைப் பிரித்துப் பார்த்தால் தோலும் தையலும் ஒரு பகுதிதான். மீதியில் பெரும்பங்கு பெயருக்கு. ஆம்பூரில் தைத்த ஷூ ஐரோப்பியப் பெயரோடு அங்கே விற்கும் விலையில், தைத்த ஆலைக்குப் போகும் பங்கு சிறிது. கடைசி வேலை வரை இங்கே வந்துவிட்டது. பெயர் இன்னும் அங்கேதான்.

சாட்டர்டன் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பி, முதுமையில் 1958-ல் காலமானார். 1948-ல் அடையாறில் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அதே 1958-ல்தான் நாயுடம்மா இயக்குநரானார். ஆந்திர கிராமத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து தோல் விஞ்ஞானியான அவர், பெரியமேட்டு வணிகர்களின் மண்டிகளுக்கே போய்ப் பேசி அவர்களை ஆய்வுக்கூடத்துக்குள் அழைத்துவந்தார். அந்த வருடமும் பெரியமேட்டிலிருந்து பாதிப் பதத் தோல் கட்டுகள் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன.